இலக்கியம் படிக்கத் தொடங்குபவருக்கு: முதலில் ஒரு சிறுகதை, அடுத்து ஒரு பாட்டு, பிறகு நாவல்

சாரம் தெரிந்ததும் மூலத்தைத் தூக்கி வைத்துவிடலாம் என்றால் அது தகவல். மருந்துச் சீட்டு, தேர்வு அறிவிப்பு, பயண அட்டவணை எல்லாம் இந்த வகை. விஷயம் கைக்கு வந்த பிறகு அந்தச் சொற்களால் வேலை இல்லை. ஒரு கதையை நண்பரிடம் நான்கு வரியில் சொல்லி முடித்த பிறகும், "இப்படிச் சொன்னால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது, நீ படித்துத்தான் பார்க்கணும்" என்று சொல்லத் தோன்றுகிறதே, அப்படிச் சொல்ல முடியாமல் மிஞ்சி நிற்பதுதான் இலக்கியம். அறிஞர்கள் இதைவிட நுணுக்கமான வரையறைகளைத் தந்திருக்கிறார்கள், ஒருவர் தந்ததை இன்னொருவர் மறுத்தும் இருக்கிறார்கள். புதிதாக வருபவருக்கு இந்த ஒரு சோதனை போதும்: சுருக்கினால் எது தொலைகிறது?

ஒரு சின்ன எடுத்துக்காட்டு. இரண்டே வாக்கியம்.

"ஆறு மாதம் ஆயிற்று. வெயில் ஏறும்போதெல்லாம் அப்பாவின் செருப்பை அம்மா நிழலுக்கு நகர்த்தி வைக்கிறாள்."

இதன் செய்தியை "அப்பா இப்போது வீட்டில் இல்லை, அம்மாவால் அதை ஏற்க முடியவில்லை" என்று சொல்லிவிடலாம். சொன்னதும் எவ்வளவு தொலைந்துபோகிறது என்று பாருங்கள். அப்பா இறந்துவிட்டாரா, வீட்டை விட்டுப் போய்விட்டாரா? வாக்கியம் சொல்லவில்லை. வெயிலில் கிடந்தால் தோல் காய்ந்து வெடிக்கும். இனி யாரும் போடப்போவதில்லை என்று நினைக்கும் பொருளை யாரும் அப்படிக் காப்பாற்ற மாட்டார்கள். "வைக்கிறாள்" என்பதை "வைத்தாள்" என்று மாற்றினால் அது ஒரு நாள் நடந்த காரியமாகச் சுருங்கிவிடும். "வைக்கிறாள்" என்பதில்தான் ஆறு மாதமும் இருக்கிறது. அப்பா, அம்மா என்று சொல்வதால் பேசுவது அவர்களுடைய பிள்ளை. அந்தப் பிள்ளை தினமும் இதைப் பார்க்கிறது. அம்மாவைத் தடுக்கவில்லை, செருப்பைத் தானே எடுத்து உள்ளே வைக்கவும் இல்லை. "ஆறு மாதம் ஆயிற்று" என்று நாளை எண்ணிக்கொண்டிருப்பதும் அந்தப் பிள்ளைதான்.

பத்துப் பன்னிரண்டு சொற்களுக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது. இதைக் கண்டுகொள்வதற்குத் தனிப் பட்டம் எதுவும் வேண்டாம், பழக்கம்தான் வேண்டும். அந்தப் பழக்கத்தை எப்படி உண்டாக்கிக்கொள்வது என்பதே கீழே வரும் படிகள்.

முதல் படி: சின்னதாக எடுங்கள்

புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு, ஊரே புகழும் ஒரு தடித்த நாவலை எடுத்துவிடுவது. நாற்பதாம் பக்கத்தில் நின்றுபோகும், "நமக்கு இலக்கியம் வராது" என்ற முடிவு மட்டும் மிஞ்சும். நீந்தத் தெரியாதவரை நடுக்கடலில் இறக்கிவிட்ட கதைதான் இது.

எட்டு முதல் பன்னிரண்டு பக்கம் வரும் சிறுகதை ஒன்றை எடுங்கள். ஒரே ஆசிரியரின் முழுத் தொகுப்பை விட, பலர் எழுதிய கதைகள் சேர்ந்த தொகுப்பு தொடக்கத்துக்கு நல்லது. பதினைந்து கதையில் மூன்று பிடித்தால் அது நல்ல அறுவடை. அந்த மூவரின் தனித் தொகுப்புகளை அடுத்துத் தேடிப் போகலாம். மற்ற பன்னிரண்டும் மோசமானவை என்று பொருளில்லை. அவற்றுக்கு இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான்.

முன்னுரையைக் கடைசிக்கு ஒதுக்கிவிடுங்கள். முன்னுரை எழுதுபவர் கதையைப் படித்து முடித்தவர். அவருடைய முடிவு முதலிலேயே உங்கள் மண்டையில் ஏறிவிட்டால், பிறகு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

எவ்வளவு நேரம் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம். கதையின் முதல் பக்கத்தைக் கடிகாரம் வைத்துப் படியுங்கள். மூன்று நிமிடம் ஆனால், பத்துப் பக்கக் கதைக்கு அரை மணி. இரண்டு முறை படிக்க வேண்டியிருப்பதால் ஒரு மணி. நடுவில் எழுத ஒரு கால் மணி. வாரத்தில் ஒரு நாள், ஒன்றேகால் மணி நேரம். இதற்கு மேல் தொடக்கத்தில் தேவையில்லை. கைபேசி பக்கத்து அறையில் இருக்கட்டும். அமைதியாக்கி மேசையில் கவிழ்த்து வைத்தால் போதாது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கை தானாக அதைத் தேடும், வாக்கியத்தின் தாளம் அறுந்துபோகும்.

இரண்டாம் படி: முதல் வாசிப்பு, நிறுத்தாமல்

முதல் முறை பென்சிலைத் தொட வேண்டாம். பொருள் தெரியாத சொல் வந்தால் தாண்டிப் போங்கள். பெரும்பாலும் சுற்றியுள்ள வரிகள் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே சொல் மூன்றாவது முறையும் வந்து, இன்னும் பிடிபடவில்லை என்றால் மட்டும் அகராதியைத் திறக்கலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று போனால் சொற்பட்டியல்தான் கிடைக்கும், கதை கிடைக்காது.

வட்டார வழக்கில் எழுதப்பட்ட பகுதி வந்து திணறினால் அந்த இடத்தை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாத பேச்சு காதுக்குப் புரிந்துவிடும். பேச்சை எழுத்தில் பிடிக்கும்போது ஆசிரியர் ஓசையைத்தான் பதிந்து வைக்கிறார், அதைத் திரும்ப ஓசையாக்கினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மூன்றாம் படி: புத்தகத்தை மூடிவிட்டு மூன்று வரி

படித்து முடித்ததும் பத்து நிமிடம் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். புத்தகத்தைத் திறக்காமல் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்.

கதையை யார் சொல்கிறார்? முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் நடுவில் எது மாறியது? எந்தக் காட்சி அல்லது எந்தச் சொல் கண்ணை விட்டு அகலவில்லை?

மூன்றாவது கேள்வியின் விடையை அலட்சியம் செய்யாதீர்கள். "முக்கியமான இடம் இதுவாகத்தான் இருக்கும்" என்று யோசித்து எழுத வேண்டாம், எது நிற்கிறதோ அதை எழுதுங்கள். கதவின் தாழ்ப்பாள் சத்தம் மட்டும் நிற்கிறதென்றால் அதையே எழுதுங்கள். கதை எங்கே உங்களைத் தொட்டது என்பதற்கு அதுதான் சாட்சி, இரண்டாம் வாசிப்பு அங்கிருந்து கிளம்பும். தேதியையும் போட்டு வையுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

நான்காம் படி: இரண்டாம் வாசிப்பு, பென்சிலோடு

உண்மையான வாசிப்பு இப்போதுதான் தொடங்குகிறது. முதல் முறை "அடுத்து என்ன?" என்ற ஆவல் இழுத்துக்கொண்டு போகும். முடிவு தெரிந்த பிறகு அந்த இழுப்பு போய்விடும். சொற்கள் கண்ணில் படத் தொடங்கும். முடிவு தெரிந்தவுடன் வறண்டுபோகும் கதையும் உண்டு, இரண்டாம் முறையில்தான் ஊறத் தொடங்கும் கதையும் உண்டு. இந்த வேறுபாட்டை நீங்களே நாலைந்து கதைகளில் பார்த்துவிட்டால், இலக்கியம் எது என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

பக்கம் முழுக்கக் கோடு போட்டால் எதுவுமே தனித்துத் தெரியாது. ஒரு கதைக்குப் பத்து அடையாளத்துக்கு மேல் வேண்டாம். மூன்று வகை இடங்களை மட்டும் குறியுங்கள். திரும்பத் திரும்ப வரும் பொருள் அல்லது செயல் ஒன்று. காலம் தாவும் இடம் இன்னொன்று: ஒரு பத்தி முடிந்து அடுத்த பத்தியில் இரண்டு வருடம் போயிருந்தால், அந்த இடைவெளியில் எது நடந்தது, ஏன் அதைக் காட்டவில்லை என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. மூன்றாவது, சொல்லியிருக்க வேண்டிய ஒன்று சொல்லப்படாமல் விடப்பட்ட இடம். கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் ஒருவர் எழுந்து விளக்கைப் போடப் போகிறார் என்றால், பதில் அந்த விளக்கில் இருக்கிறது.

தமிழில் படிப்பவருக்கு எல்லா மொழியிலும் கிடைக்காத ஒரு வசதி உண்டு, விகுதிகள். ஒரு பாத்திரத்தைக் கதைசொல்லி "அவர் வந்தார்" என்கிறாரா, "அவன் வந்தான்" என்கிறாரா? தொடக்கத்தில் "அவர்" என்று வந்தவர் ஆறாம் பக்கத்தில் "அவன்" ஆகிவிட்டால், நடுவில் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது. கோபம் என்ற சொல் கதையில் வந்தே இருக்காது, விகுதி மட்டும் மாறியிருக்கும். உரையாடலிலும் அப்படித்தான். கணவனை "நீங்க" என்றே பேசிவந்தவள் ஒரே ஒரு வாக்கியத்தில் "நீ" என்றால், அது அந்தக் கதையின் உச்சமாகக்கூட இருக்கலாம். வேகமாகப் படித்தால் இது நழுவிப்போகும். "நாங்கள்", "நாம்" என்ற இரண்டையும் அப்படியே கவனியுங்கள். "நாம்" என்றால் கேட்பவரும் உள்ளே. "நாங்கள்" என்றால் கேட்பவர் வெளியே. இருவர் பேசிக்கொண்டிருக்கையில் ஒருவர் "நாம்" என்பதை விட்டு "நாங்கள்" என்று மாறினால், கதவு சாத்தப்பட்ட மாதிரி. ஒரு கதையில் இந்த மாற்றங்களுக்கு மட்டும் கோடு போட்டுப் பாருங்கள், உறவின் வரைபடமே கையில் வந்துவிடும்.

"நான்" என்று தொடங்கும் கதையில் அந்த நான் ஆசிரியர் அல்ல. இதில் தடுக்கி விழாதவர் குறைவு. ஆசிரியர் பேசுவதற்காக ஒருவரை உண்டாக்கி நிறுத்தியிருக்கிறார். அவருக்கு ஞாபக மறதி இருக்கலாம், தன்னை நியாயப்படுத்தும் ஆசை இருக்கலாம், அவர் பொய்யும் சொல்லலாம். "என்மீது எந்தத் தப்பும் இல்லை" என்று ஒரு கதைசொல்லி மூன்று முறை சொன்னால், ஆசிரியர் உங்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டுகிறார் என்று பொருள்.

ஐந்தாம் படி: உணர்ச்சிக்குச் சரியான பெயர்

"சோகக் கதை", "மனதைத் தொட்ட கதை" என்பதோடு நின்றுவிட்டால் வாசிப்பு வளராது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இதை மனப்பாடப் பகுதி என்று ஒதுக்காமல் கருவியாக எடுத்துக்கொள்ளுங்கள். முடிவில் எழுந்த உணர்ச்சிக்கு இந்த எட்டில் எது பெயர்? பெரும்பாலும் ஒன்று போதாது. செருப்பை நகர்த்தும் அம்மாவைப் பார்த்தால் அழுகை உண்டு. அந்த விடாப்பிடியில் ஒரு பெருமிதமும் உண்டு. அக்கம்பக்கத்தார் பார்ப்பார்களே என்று பிள்ளைக்கு உள்ளூர இளிவரல்கூட இருக்கலாம். இளிவரல் என்றால் இழிவு, கூச்சம். அன்றாடப் பேச்சில் அதற்குத் தனிச் சொல் இல்லாமல் "ஒரு மாதிரி இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். பெயர் கிடைத்ததும் அந்த "ஒரு மாதிரி" இரண்டு மூன்றாகப் பிரிந்து தெளியும்.

இலக்கியம் வாசகருக்கு ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு இங்கே ஒரு பதில் இருக்கிறது. தனக்குள் நடப்பதற்குச் சொல் இல்லாதவர் அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறார். யாரோ எங்கோ எழுதிய ஒரு வரியில் அந்தச் சொல் கிடைக்கும்போது சுமை கொஞ்சம் இறங்குகிறது. இன்னொரு பதில், பிறர் மனதுக்குள் இருந்து பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு. பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் நமக்குத் தெரியும், அவருக்குள் ஓடுவது தெரியாது. கதை மட்டும் அந்த உள்ளோட்டத்தை ஒரு மணி நேரத்துக்கு நம் கையில் தருகிறது. மூன்றாவது, பழகிப்போனதை மறுபடி பார்ப்பது. ரஷ்ய விமர்சகர் விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி 1917-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் சொன்னார்: பழக்கம் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது, கல்லை மறுபடி கல்லாக உணரவைக்கவே கலை இருக்கிறது. செருப்பை நாம் தினமும் பார்க்கிறோம், பார்ப்பதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இலக்கியம் படித்தால் நல்லவர் ஆகிவிடலாம், உடனே பிறர் மனம் புரியத் தொடங்கும் என்றெல்லாம் உறுதி தருபவர்களை நம்ப வேண்டாம். இலக்கியக் கதை படித்தவுடன் பிறர் மனநிலையை ஊகிக்கும் திறன் சற்றுக் கூடுகிறது என்று 2013-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது, பரவலாகப் பேசப்பட்டது. பின்னர் அந்தச் சோதனையை மறுபடி செய்து பார்த்த குழுக்கள் பலவற்றுக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. ஒரு கதைக்கு ஒரு மாத்திரையின் வேலையைக் கொடுத்தால் ஏமாற்றம்தான். வருடக்கணக்கில் படிப்பவரின் கவனம் மாறுகிறது. அது ஒரு உட்காரலில் அளக்கக்கூடியது அல்ல.

ஆறாம் படி: நூறு சொல்

ஒவ்வொரு கதைக்கும் நூறு சொல்லில் ஒரு குறிப்பு எழுதுங்கள். ஒரே ஒரு விதி: நீங்கள் சொல்லும் ஒவ்வொரு கருத்துக்கும் கதையிலிருந்து ஒரு சொல்லையோ வரியையோ சான்றாகக் காட்ட வேண்டும். "அவள் அவனை மன்னிக்கவில்லை" என்று எழுதினால், எந்த வரியை வைத்துச் சொல்கிறீர்கள்? காட்ட முடியவில்லை என்றால் அது கதையில் இல்லை, உங்கள் மனதில் இருந்து வந்தது. அதில் தவறில்லை, எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இலக்கியத்தில் எந்த விளக்கமும் சரி என்பது பரவலான தவறான எண்ணம். பல விளக்கங்கள் சரியாக இருக்கலாம், எல்லா விளக்கமும் சரியாக இருக்க முடியாது. வரி தாங்காத விளக்கம் விழுந்துவிடும்.

பாட்டுக்கு வேறு நடை

சிறுகதையில் ஐந்தாறு வாரம் பழகிய பிறகு பாட்டுக்கு வாருங்கள். பழம்பாட்டு என்றதும் பயப்படுகிறவர்களுக்கு நல்ல நுழைவாயில் குறுந்தொகை. பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிக்குள் முடிந்துவிடும் 401 பாட்டுகள், அவற்றோடு கடவுள் வாழ்த்து ஒன்று. எந்தப் பக்கத்தைத் திறந்தும் தொடங்கலாம்.

உரையோடு கூடிய பதிப்பாக எடுங்கள். ஆனால் படிக்கும் வரிசை முக்கியம். முதலில் மூலத்தை வாய்விட்டு இரண்டு முறை படியுங்கள், புரியாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்து, சொற்களைப் பிரித்துக் காட்டிய வடிவம். பல இடங்களில் கடினம் போலத் தெரிவது புணர்ச்சிதான், அதாவது சொற்கள் ஒட்டிச் சேரும்போது எழுத்து மாறுவது. பிரித்ததும் பாதிச் சொற்கள் தெரிந்தவையாகிவிடும். அதற்குப் பிறகு அருஞ்சொற்பொருள். பிறகு மறுபடி மூலம். பொழிப்புரை கடைசியில், சரிபார்க்க மட்டும். பொழிப்புரையை முதலில் படித்து, மூலத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்கிறவர் பாட்டின் செய்தியைத் தெரிந்துகொண்டார், பாட்டைப் படிக்கவில்லை.

அகப்பாட்டில், அதாவது காதலைப் பாடும் பழம்பாட்டில், முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: யார், யாரிடம் பேசுகிறார்? பாட்டின் அடியிலோ மேலோ "தலைவி தோழிக்குக் கூறியது" என்பது போல ஒரு குறிப்பு இருக்கும். அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

கபிலர் பாடிய 25-ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஐந்தே அடி. தலைவி தோழியிடம் பேசுகிறாள். தலைவனும் தானும் கூடிய நாளில் வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள். இதோடு நின்றிருந்தால் அது ஒரு புலம்பல். அடுத்துத்தான் வருகிறது பாட்டு: தினையின் தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த "குருகும் உண்டு".

மெதுவாகப் பாருங்கள். "யாரும் இல்லை" என்று தொடங்கியவள் "குருகும் உண்டு" என்று முடிக்கிறாள். அந்த "உம்" எதைச் செய்கிறது? அவன் இருந்தான், ஒரு குருகும் இருந்தது என்று, சாட்சிக்கு ஆள் தேடித் தவிக்கும் மனம் ஒரு பறவையையும் எண்ணிக்கையில் சேர்க்கிறது. சேர்த்த சாட்சியின் கண்ணோ இவர்கள்மீது இல்லை, மீன்மீது இருக்கிறது. சாட்சி இருந்தும் இல்லை. அதன் காலின் நிறமும் பருமனும் அவளுக்கு இன்னும் துல்லியமாக நினைவிருப்பதைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் அவள் அந்தக் கால்களைப் பார்த்திருக்கிறாள். அந்த நாள் அவளுக்குள் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதற்கு அந்தக் கால்களே சான்று. கடைசியாக, ஓடும் நீரில் அசையாமல் நிற்கும் பறவை, அதன் குறி இரை. முதல் அடியில் வந்த "கள்வன்" என்ற சொல்லை மறுபடி நினைத்துப் பாருங்கள். அவன் எதற்காக வந்தான் என்ற சந்தேகத்தை அவள் வாயால் கேட்கவில்லை, பறவை கேட்கிறது. வெளிப்படையாகச் சொல்லாமல் இயற்கைக் காட்சிக்குள் இன்னொரு பொருளை வைக்கும் இந்த வழக்கத்துக்குத் தமிழ் இலக்கணத்தில் உள்ளுறை, இறைச்சி என்று பெயர்களே உண்டு. பெயர்களை உடனே பிரித்தறிய வேண்டியதில்லை. காட்சி வரும்போது "இது வெறும் பின்னணியா?" என்று கேட்கும் வழக்கம் வந்தால் போதும்.

திருக்குறளை நீதி நூலாக மட்டும் அறிந்தவர்கள், 1330 குறளில் கடைசி 250-ஐத் தனியாக எடுத்துப் படித்துப் பாருங்கள். அந்த 25 அதிகாரங்களிலும் யாரோ ஒருவர் யாரிடமோ பேசுகிறார், ஏழே சீரில் ஒரு முழுக் காட்சி. ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம் என்றால் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு குறள் போதும்.

புதுக்கவிதையில் வரி முறியும் இடத்தில் நின்றுவிடாதீர்கள். முதலில் வாக்கியம் முடியும் வரை ஓடிப் படியுங்கள், பொருள் பிடிபடும். இரண்டாம் முறை வரி முறியும் இடத்தில் ஒரு நொடி நின்று பாருங்கள், ஏன் அங்கே முறித்தார் என்று தெரியவரும். தலைப்பைப் படிக்காமல் கவிதைக்குள் நுழைகிறவர்கள் பாதிப் பேர். பல கவிதைகளில் தலைப்புதான் முதல் வரி.

நாவல்: காலத்தோடு பழகுதல்

நாவல் தருவது சிறுகதை தராத ஒன்றை, காலத்தை. ஒருவரோடு மூன்று வாரம் கூடவே இருந்தால் வரும் பழக்கம் பத்துப் பக்கத்தில் வராது. அதனால் படிப்பதையும் பல நாட்களுக்குப் பரப்பி வையுங்கள். 300 பக்க நாவல் தினம் இருபது பக்கம் என்றால் பதினைந்து நாள். ஞாயிற்றுக்கிழமை நூறு பக்கம் படித்துவிட்டு ஆறு நாள் விட்டால் திரும்பி வரும்போது ஆட்கள் அந்நியமாகியிருப்பார்கள். தினம் கொஞ்சம் என்பதே நாவலுக்கு ஒத்துவரும்.

பெயர்க் குழப்பம் பெரிய தடை. அஞ்சலட்டை அளவில் ஒரு தாளைப் புத்தகக்குறியாக வைத்து, பெயர் வர வர எழுதுங்கள்: பெயர், யாருக்கு என்ன உறவு, முதலில் வந்த பக்க எண். மொழிபெயர்ப்பு நாவலில் ஒரே ஆளுக்கு முழுப்பெயர், செல்லப்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று வரும். அவற்றை ஒரே வரியில் எழுதுங்கள். அத்தியாயம் முடிந்ததும் ஒரே வாக்கியம், "இதில் யாருக்கு எது கூடியது, யாருக்கு எது போனது" என்று. இருபது வாக்கியம் சேர்ந்ததும் நாவலின் எலும்புக்கூடு தெரியும்.

முதல் ஐம்பது பக்கம் மெதுவாகத்தான் போகும். ஊரையும் ஆட்களையும் வீட்டையும் ஆசிரியர் அங்கே நடுகிறார், பின்னால் வரும் வெள்ளத்துக்கு அது கரை. ஐம்பது பக்கத்தில் விடுவதா தொடர்வதா என்று தடுமாறினால் நூறு வரை போங்கள். அதற்கு மேலும் ஒட்டவில்லை என்றால் குற்றவுணர்ச்சி இல்லாமல் மூடிவிடுங்கள். ஏன் ஒட்டவில்லை என்பதை மட்டும் ஒரு வரி எழுதி வையுங்கள். மொழிபெயர்ப்பில் வாக்கியங்கள் முறுக்கிக்கொண்டு இரண்டு முறை படித்தும் புரியவில்லை என்றால், மூல ஆசிரியரைக் குறை சொல்வதற்கு முன் வேறு மொழிபெயர்ப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள்.

வழக்கமாகத் தடுக்கும் இடங்கள்

பள்ளிப் பாடப் பழக்கத்தில், கதை முடிந்ததும் "இதனால் அறியப்படும் நீதி யாது?" என்று மனம் கேட்கும். இதுதான் மிகப் பெரிய தடை, நிறையப் பேரை வாசிப்பிலிருந்து துரத்தியதும் இதுவே. நீதியைப் பிழிந்து எடுத்ததும் கதை சக்கையாகிவிடுகிறது. அந்தக் கேள்வி எழும்போது வேறொன்றைக் கேளுங்கள்: இதில் யாருடைய பக்கம் நிற்பது எனக்குக் கடினமாக இருந்தது? அந்த ஆளிடம்தான் கதை உங்களை அனுப்பியிருக்கிறது.

"கதாநாயகி எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் கதை நன்றாக இல்லை" என்பது இன்னொன்று. வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடத் தகுந்தவர்களா என்று பாத்திரங்களைப் பார்க்க வேண்டியதில்லை. அவர் செய்ததை அவரால் செய்யாமல் இருந்திருக்க முடியாது என்று உங்களுக்குத் தோன்றியதா, அதைப் பாருங்கள்.

சுருக்கம் சொல்லும் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் படித்ததாக எண்ணுவது, பிறர் உண்டதைக் கேட்டுப் பசியாறுவது போல. மேற்கோள் வரிகளை மட்டும் திரட்டுவதும் அப்படித்தான். தனியே ஒளிரும் வரி எந்த இருட்டில் இருந்து வந்தது என்று தெரியாவிட்டால் அது வாழ்த்து அட்டை வாசகமாகிவிடும். வருடத்துக்கு எத்தனை புத்தகம் என்று எண்ணாதீர்கள். எண்ணத் தொடங்கியவர் மெல்லிய புத்தகங்களைத் தேடத் தொடங்கிவிடுவார். இரண்டாம் வாசிப்பு என்ற பேச்சே இருக்காது.

கூடப் படிக்க ஒருவர் கிடைத்தால் நல்லது. மூன்று பேருக்கு மேல் சேர்த்தால் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கும்படி ஆகிவிடும். ஒரே கதையைத் தனித்தனியாகப் படித்து, நூறு சொல் குறிப்பை எழுதி முடித்த பிறகுதான் பேச வேண்டும். எழுதாமல் பேசினால் முதலில் வாய் திறந்தவரின் கருத்தை மற்றவரும் எடுத்துக்கொள்வார்.

ஆறு மாதம் கழித்து, முதன்முதலில் படித்த அந்தச் சிறுகதையை மறுபடி எடுங்கள். பழைய மூன்று வரியைப் பார்க்காமல் படித்து, புதிதாக மூன்று வரி எழுதிவிட்டு, பிறகு நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய பென்சில் கோடுகளை அழிக்க வேண்டாம். இந்த முறை போடும் கோடுகளை வேறு நிறத்தில் போட்டு, ஓரத்தில் தேதி எழுதுங்கள்.